வாசலில் வந்து கேட்கும் கடன்

மட்டக்களப்பு வாவிக்கரைக் கிராமங்களில் நுண்கடன் எடுத்த பெண்களின் வாசலில் ஆள் வந்து நின்ற கதை நாம் அறிந்ததே. ஒருத்தி கட்டாத தவணையைக் குழுவிலுள்ள மற்றவளிடமும் கேட்டார்கள். நம் லயங்களிலும் அதே கதைதான்.

"அக்கா, பழைய பாக்கி இருக்கு, இதில ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றால் உடனே போடாதீங்க. நூறு ரூபாய்கூடக் குடுத்தனுப்பாதீங்க. புரோநோட்டுக் கடனுக்கு வழக்குப் போட 6 வருஷம், கடைக்கணக்குக்கு ஒரே வருஷம் என்று 1871ஆம் ஆண்டுச் சட்டம் எல்லை வைத்திருக்கிறது. கையெழுத்தோ பகுதிப் பணமோ விழுந்தால் அந்தக் காலம் புதிதாகத் தொடங்கிவிடும்.

"கணக்கை எழுத்தில தாங்க தம்பி" என்று கேட்டு, பாஸ் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்க. பிணைக்குக் கையொப்பம் வைத்திருந்தால் பொறுப்பு உண்டு. அதை மறைத்துப் பயனில்லை.

நீதிமன்ற அழைப்பு வந்தால், கடனே இல்லை என்றாலும் போகாமல் இருக்காதீங்க. ஆள் வராத வழக்கில் அவர்கள் சொல்லும் கணக்கே தீர்ப்பாகிவிடும். வக்கீலுக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் முதலே போய்க் கேளுங்க.