நீங்குவதும் நிலைப்பதும்

நுழையும்முன்

சிக்கலான ஒன்றை எளிமையாக்கிக் காண்பது அறிவியலின் அன்றாடப் பணி. அவ்வாறு எளிமையாக்கும்போது எதை நீக்கலாம், எதை நீக்கலாகாது? தனி ஊசலின் வழியாகக் கணிதம் இவ்வினாவிற்குத் தரும் விடையை இப்பாடம் விளக்குகிறது.

ஊசலும் தோராயமும்

ஊசல் அசைவின்றி நேராகத் தொங்கும் நிலை, அதன் சமநிலை. ஊசலின் இயக்கத்தைக் கூறும் வகைக்கெழுச் சமன்பாட்டில் விலக்கக் கோணத்தின் சைன் மதிப்பு இடம்பெறுகிறது. சிறிய கோணங்களுக்கு, ரேடியன் அளவில், சைன் மதிப்பும் கோணமும் ஏறத்தாழச் சமம். எனவே, சைனுக்கு மாற்றாகக் கோணத்தையே இட்டு எளிய நேரியல் சமன்பாட்டைப் பெறுகிறோம். அச்சமன்பாட்டின்படி, அலைவு நேரம் வீச்சைச் சார்ந்ததன்று.

வீச்சு பெருகினால் இம்முடிவு பொய்க்கும். வீச்சு 0.4 ரேடியன், அதாவது ஏறத்தாழ 23 பாகை ஆயின், அலைவு நேரம் 1 விழுக்காடு கூடுகிறது. மிகச் சிறிய வீச்சுக்கு ஏற்பத் திருத்தப்பட்ட ஊசல் கடிகாரம் இவ்வீச்சில் ஆடினால், ஒரு நாளில் 14 நிமிடங்களுக்கு மேல் பின்தங்கும். டச்சு அறிஞர் ஹைகன்ஸ் 1673இல் வெளியிட்ட நூலில் இக்குறையைக் களையும் வழியைக் காட்டினார். உருளும் சக்கரத்தின் விளிம்புப் புள்ளி வரையும் வளைவில் ஊசல் குண்டு சென்றால், எல்லா வீச்சுக்கும் அலைவு நேரம் ஒன்றே.

புதிய அளவு

சிறிய உறுப்புகளை விட்டுவிடாமல், அளக்கும் முறையை மாற்றி எளிமையாக்கும் வழியும் உண்டு. பிரெஞ்சுக் கணித அறிஞர் ஆன்றி புவான்கரே தம் 1879ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டில் அதற்கு அடித்தளம் இட்டார்.

சமநிலையிலிருந்து உள்ள விலக்கம் 'ப' என்க. காலத்தைப் பொறுத்து அதன் மாறுவீதம் −ப + ப² எனக் கொள்வோம். இதில் ப² நேரியலற்ற உறுப்பு. இப்போது, ம = ப ÷ (1 − ப) என்னும் புதிய அளவை எடுத்துக்கொண்டால், அதன் மாறுவீதம் −ம என அமைகிறது. எதையும் புறக்கணிக்காமலேயே நேரியலற்ற உறுப்பு மறைந்துவிட்டது. இவ்வாறு நீக்கத்தக்க உறுப்புகளைப் படிப்படியாக நீக்கியபின் எஞ்சும் வடிவம் 'இயல்வடிவம்' எனப்படும்.

நீங்காத உறுப்பு

எல்லா உறுப்புகளும் இவ்வாறு நீங்கிவிடுவதில்லை. சைன் தொடரில் கோணத்தை அடுத்து வருவது கோணத்தின் முப்படி உறுப்பு. ஊசலின் கோணம் கொசைன் சார்பைப் போல மாறுவதால், இங்குக் கொசைனின் முப்படி தோன்றுகிறது. முக்கோணவியல் முற்றொருமையின்படி அது இரு பகுதிகளாகப் பிரியும். ஒன்று, ஊசலைவிட மும்மடங்கு அதிர்வெண் உடையது. மற்றொன்று, ஊசலின் அதிர்வெண்ணையே உடையது.

ஓர் உறுப்பை நீக்குவதற்கு, இரு அதிர்வெண்களின் வேறுபாட்டைச் சார்ந்த ஓர் எண்ணால் வகுக்க வேண்டும். முதற்பகுதிக்கு அவ்வெண் சுழியன்று. ஆதலால் அது நீங்கும். இரண்டாம் பகுதிக்கு அது சுழி. சுழியால் வகுத்தல் இயலாது. ஆதலால் அப்பகுதி நிலைக்கிறது. இதனை 'ஒத்ததிர்வு உறுப்பு' என்பர்.

வீச்சு கூடினால் அலைவு நேரமும் கூடும் என்னும் உண்மையை உரைப்பது இவ்வுறுப்பே. நேரியல் சமன்பாடு சொல்லாமல் விட்ட 14 நிமிடங்களின் காரணம் இதில் அடங்கியுள்ளது. எனவே, ஓர் உறுப்பு சிறியது என்பதனாலேயே அதனைப் புறக்கணித்தல் கூடாது. அளவை மாற்றியும் நீங்காமல் நிற்பது, அவ்வியக்கத்திற்கே உரிய பண்பாகும்.

தெரிந்து தெளிவோம்

வகுக்கும் எண் சுழியாக இல்லாமல் சுழியை மிக நெருங்கினாலும் இடர் உண்டு. அப்போது திருத்த உறுப்புகள் மிகப் பெரியனவாகிவிடும். கோள்களின் இயக்கத்தைக் கணித்தோர் இவ்விடரை எதிர்கொண்டனர்.

கற்பவை கற்றபின்...

1. ப = 0.1 எனில், 'ம'வின் மதிப்பையும் இரண்டின் மாறுவீதங்களையும் கண்டு ஒப்பிடுக.
2. ஒரே நூலில் தொங்கும் குண்டினைச் சிறிய வீச்சிலும் பெரிய வீச்சிலும் ஆடவிட்டு, 20 அலைவுகளுக்கான நேரத்தை அளந்து வகுப்பில் கலந்துரையாடுக.