முற்றத்தின் அளவும் டைல்ஸ் கணக்கும்

"இருபத்து நாலுக்கு இருபது முற்றம், ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ் போடுங்க" என்று வாடிக்கையாளர் வந்து நிற்கிறார். நாமும் 480 சதுர அடி, பெட்டிக்கு 16, ஆக 30 பெட்டி என்று பில் போட்டு விடுகிறோம். பத்து நாள் கழித்து அவரே திரும்பி வந்து, "ஒரு பெட்டி குறையுதே" என்கிறார். அதே பேட்ச் சரக்கு அப்போது நம்மிடம் இருப்பதில்லை. வேறு பேட்சில் கொடுத்தால் வாசலில் ஒரு வரிசை மட்டும் வேறு சாயலாகத் தெரியும். வருகிறவர் போகிறவர் கேட்கும்போதெல்லாம் அடிபடுவது கடையின் பெயர்தான்.

குறை எங்கே? நாம் 2 அடி என்று சொல்லி விற்பது 600 மில்லி மீட்டர் டைல்ஸ். 2 அடி என்பதோ 609.6 மில்லி மீட்டர். நான்கு டைல்ஸ் உள்ள பெட்டி 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடிதான் பரவும். 30 பெட்டிக்கு 465 சதுர அடி. இடைவெளி விட்டு ஒட்டினால் கொஞ்சம் ஈடாகும், முழுவதும் ஆகாது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் சதுர மீட்டரை 10.764 ஆல் பெருக்கி, வருகிற அளவைக் கொண்டு வகுப்பதே முறை. இந்த முற்றத்துக்கு 31 பெட்டி. வெட்டுச் சேதாரத்துக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 33.

அளவெடுப்பதிலும் ஒரு பெட்டி காணாமல் போகும். 12 அடி 10 அங்குலத்தைக் கொத்தனார் 12.10 என்று சீட்டில் எழுதித் தருகிறார். கால்குலேட்டருக்கு அது 12.1. உண்மையில் 12.83. நீளம் 20 அடி என்றால் கிட்டத்தட்ட 15 சதுர அடி வித்தியாசம். கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் எழுதும் வழக்கம் அதுதான். அங்குலத்தை 12 ஆல் வகுத்துப் போட வேண்டியது நம் வேலை.

மனை எல்லாம் சதுரமாக அமைவதில்லை. முன்பக்கம் 24, பின்பக்கம் 20, இரண்டும் இணை, நேர் ஆழம் 30 என்றால், சராசரி 22 ஐ 30 ஆல் பெருக்க 660. முன் அளவை மட்டும் வைத்து 720 என்று கொடுத்தால் நான்கு பெட்டி மிஞ்சும். மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். 'ட' வடிவ முற்றத்தை இரண்டு நீள்சதுரமாகப் பிரித்துக் கூட்டலாம். துளசி மாடத்தைக் கழிக்க வேண்டாம். அதைச் சுற்றி வெட்டுவதிலேயே அது போய்விடும். குறுக்காக ஒட்டுவதாகச் சொன்னால் சேதாரத்தைப் பத்தாக வையுங்கள்.

எங்கள் கடையில் இப்போது பெரிய ஆர்டர் என்றால் பையனை டேப்புடன் அனுப்பி விடுகிறோம். எடுத்த அளவு, சேதாரம், பேட்ச் எண் மூன்றையும் பில்லிலேயே எழுதி, வாடிக்கையாளரின் கையெழுத்தும் வாங்குகிறோம். பிரிக்காத பெட்டியை எத்தனை நாளைக்குள் திருப்பி எடுப்போம் என்பதையும் அதன் கீழேயே எழுதி விடுகிறோம்.