குறட்டையைப் பதிவு செய்யப் போகிறீர்களா?

குறட்டை விடுகிறவர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். "நானா? சும்மா சொல்லாதே" என்பதுதான் எல்லா வீட்டிலும் பதில். இந்த வழக்கை முடிக்க இன்று ஒரு செல்போன் போதும். ஆனால் குறட்டை ஆப்கள் பலவும் எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தம் என்று மதிப்பெண் போடுவதிலேயே நின்றுவிடுகின்றன. மருத்துவர் தேடுவது வேறு. சத்தத்துக்கு நடுவே திடீரென்று விழும் மௌனம்தான் அவருக்கு முக்கியம்.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. காற்றுவழி குறுகினால் மென்னண்ணமும் உள்நாக்கும் அதிர்ந்து குறட்டை வரும். வழி முழுதாக மூடிக்கொண்டால் சத்தமே நின்றுவிடும். நெஞ்சு இழுக்கும், காற்று உள்ளே போகாது. இப்படி 10 விநாடியோ அதற்கு மேலோ நீடித்தால் அது ஸ்லீப் ஆப்னியா (தூக்க மூச்சுத்தடை) கணக்கில் ஒரு நிகழ்வு. மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் சேர்த்து மணிக்கு 5 முறை முதல் லேசானது, 15 முதல் நடுத்தரம், 30க்கு மேல் தீவிரம்.

செய்ய வேண்டியவை

• சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கள். அறையில் மனைவியோ பிள்ளையோ படுத்திருந்தால் அவர்கள் குரலும் சேர்ந்துதான் விழும்.

• போனைக் கட்டில் ஓரத்து ஸ்டூலில், தலையிலிருந்து ஒரு கை தூரத்தில், மைக் முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள். சீலிங் ஃபேனைக் குறைத்து வையுங்கள். டேபிள் ஃபேன் காற்று மைக்கில் நேராக அடித்தால் புயல் சத்தம் மட்டுமே மிஞ்சும். ஏர்பிளேன் மோடில் போடுங்கள்.

• ரெக்கார்டரின் செட்டிங்ஸை ஒருமுறை திறந்து பாருங்கள். சில ஆப்களில் சத்தமில்லாத இடங்களை வெட்டிவிடும் வசதியும், சத்தம் வந்தால் மட்டும் பதிவைத் தொடங்கும் வசதியும் இருக்கும். கூட்டத்தில் பேச்சைப் பதிவு செய்ய அது நல்லது. இங்கே அதுவே வினை: நமக்கு வேண்டிய மௌனத்தைத்தான் அது வெட்டி எறிகிறது. இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

• இரவு முழுவதும் பதிவு செய்யுங்கள். கனவு வரும் தூக்கம் விடியலை ஒட்டித்தான் அதிகம். பலருக்கு அப்போதுதான் மூச்சுத்தடை கூடும். படுத்த முதல் ஒரு மணி நேரத்தைக் கேட்டுவிட்டு "ஒன்றுமில்லை" என்று மூடிவிட வேண்டாம். நிமிடத்துக்கு அரை எம்பி பிடிக்கும் சாதாரணத் தரத்தில் 8 மணி நேரத்துக்குச் சுமார் 240 எம்பிதான் ஆகும்.

• கேட்பதற்கு முன் அலைவரைபடத்தைப் பாருங்கள். சாதாரணக் குறட்டை என்றால் மேடுகள் சீரான இடைவெளியில், ஏறக்குறைய ஒரே உயரத்தில் போகும். மூச்சுத்தடை இருப்பவரின் படத்தில் மேடுகள் மெல்ல உயர்ந்துகொண்டே போய்ச் சட்டென்று ஒரு தட்டையான கோடு வரும். அங்கே விரலை வைத்துக் கேளுங்கள். 15, 20 விநாடி ஒன்றுமே கேட்காது. பிறகு மூச்சுமுட்டி எழுவதுபோல ஒரு பெரிய உறுமல், இரண்டு மூன்று வேக மூச்சு, மறுபடி குறட்டை. இதே சங்கிலி திரும்பத் திரும்ப வந்தால் அந்த இடங்களின் நேரத்தைக் குறித்து, இரண்டு நிமிடத் துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரப் பதிவைக் கேட்க எந்த மருத்துவருக்கும் நேரமில்லை.

• கூடவே நாலு வரி எழுதுங்கள்: மல்லாந்து படுத்தாரா, ஒருக்களித்தாரா, மது, தூக்க மாத்திரை உண்டா, காலையில் தலைவலி இருந்ததா, பகலில் கண் சொருகியதா. ரத்த அழுத்தமும் கழுத்துச் சுற்றளவும் சேர்த்தால் நல்லது. கழுத்து 40 செ.மீ.க்கு மேல் இருந்தால் மருத்துவர் கூடுதலாகக் கவனிப்பார்.

செய்யக்கூடாதவை

• ஆப் சொல்லும் எண்ணை நோய்க் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். மணிக்கு இத்தனை என்பது தூங்கிய மணிக்கு. படுத்துக் கிடந்தவர் தூங்கினாரா, விழித்திருந்தாரா என்பது மைக்குக்கு எப்படித் தெரியும்? ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் அதற்குக் கேட்காது. தூக்க ஆய்வகத்தில் மூளை அலை, மூக்குக் காற்று, நெஞ்சு வயிற்றுப் பட்டை, விரலில் ஆக்சிஜன் எல்லாம் ஒன்றாகப் பார்ப்பது இதற்காகத்தான். சிலருக்கு வீட்டுக்கே சிறிய கருவி கொடுத்து அனுப்புவார்கள்.

• "எனக்குக் குறட்டையே இல்லை" என்று நிம்மதி அடையாதீர்கள். மூளையே மூச்சுக்கு உத்தரவு அனுப்பத் தவறும் இன்னொரு வகை உண்டு. அதில் குறட்டை இல்லாமலும் இருக்கலாம். அண்ணத்தில் அறுவை செய்தபின் சத்தம் அடங்கி, தடை மட்டும் தொடர்வதும் உண்டு.

• எல்லா ஆப்பும் ஒரே வேலை செய்கிறது என்று எண்ணாதீர்கள். 2015இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், சென்னை ஐஐடியில் படித்த ஷ்யாம் கொல்லகோட்டாவின் குழு, போன் ஸ்பீக்கரிலிருந்து காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, நெஞ்சில் பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்து மூச்சை அளந்தது. கப்பலின் சோனார் நுட்பம்தான். சத்தமே இல்லாத மூச்சையும் அது பிடிக்கும். கடையில் இலவசமாகக் கிடைக்கும் குறட்டை ஆப்பை இதோடு சேர்த்துப் பேசுவது பொருந்தாது.

• பதிவைக் கேட்டு நீங்களே வைத்தியம் தொடங்காதீர்கள். வாயில் டேப் ஒட்டிக்கொள்வது இப்போது ஒரு மோஸ்தர். மூக்கடைப்போ மூச்சுத்தடையோ இருப்பவருக்கு அது ஆபத்து. "நன்றாகத் தூங்கட்டும்" என்று தூக்க மாத்திரை கொடுப்பதும் அப்படியே.

• கைக்குழந்தைக்கு இந்த அளவுகோலை வைக்காதீர்கள். பச்சிளங்குழந்தை தூக்கத்தில் சில விநாடி மூச்சை நிறுத்தித் தொடர்வது இயல்பு. பிள்ளை நீலம் பாய்ந்தாலோ துவண்டாலோ பதிவு செய்துகொண்டு நிற்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். பள்ளி வயதுப் பிள்ளை தினமும் குறட்டை விட்டால் டான்சில், அடினாய்டு வீக்கமாக இருக்கலாம், காட்டிவிடுங்கள்.

• குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுச் சிரிக்காதீர்கள். அவமானப்பட்டவர் அதன்பின் மருத்துவரிடம் வரவே மாட்டார்.

• சிகிச்சைக்குப் பயந்து பதிவைப் பூட்டி வைக்காதீர்கள். மூக்கு முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் சிபாப் முறையை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் வெளியிட்டார். இன்றும் முதன்மைச் சிகிச்சை அதுதான். எல்லோருக்கும் அது தேவைப்படுவதுமில்லை. எடை குறைப்பதும் ஒருக்களித்துப் படுப்பதுமே சிலருக்குப் போதும்.

பதிவில் அந்த மௌனம் இருந்து, பகலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண் அசருகிறது என்றால், நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பார்க்கும்வரை வண்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.