மலையினின்று ஓர் அழைப்பு

பந்தலூரை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஆடி மாதத்து அடைமழை பெய்துகொண்டிருக்கிறது. இரவு 2 மணி. லைன் வீட்டில் நிறைமாதப் பெண் ஒருத்திக்கு நோவு கண்டுவிட்டது எனக் கொள்க. அவள் கணவன் கைப்பேசியுடன் மேட்டிலுள்ள கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு ஓடுகிறான். அங்கு நின்றால்தான் பேச முடியும். 108 என்னும் எண்ணை அழுத்துகிறான். மணி ஒலிப்பது கூடலூரிலன்று, உதகமண்டலத்திலுமன்று; 500 கிலோமீட்டருக்கும் அப்பால், சென்னையிலுள்ள கட்டுப்பாட்டு அறையில் ஒலிக்கிறது. அங்கே கணினித் திரையின்முன் அமர்ந்து அழைப்பை ஏற்பவர் அப்பெண்ணைக் காணார். அத்தோட்டத்தைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டிருப்பாரோ, ஐயமே. ஆயினும் சிறிது நேரத்திற்கு இரண்டு உயிர்கள் அவருடைய செவியையும் நாவையும் நம்பியிருக்கின்றன.

ஆபத்துக்கென்று தனி எண் வேண்டும் என்னும் எண்ணம் பெருந்துயரம் ஒன்றிலிருந்து பிறந்தது. 1935ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டன் மாநகரின் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி எரிந்தது. அயல்வீட்டார் தொலைபேசியில் அழைத்தார். ஆனால் இணைப்பகத்தில் அவர் அழைப்பும் பிற அழைப்புகளோடு வரிசையில் காத்துக் கிடந்தது. ஐந்து பெண்கள் மாண்டனர். இதன் பயனாக 1937ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் அந்நகரில் 999 என்னும் எண் நடைமுறைக்கு வந்தது. அவ்வெண்ணில் அழைப்பு வந்தால் இணைப்பகத்தில் செவ்விளக்கு எரியும். ஊதுகுழல் உரக்க ஒலிக்கும். இந்தியாவில் 108 சேவை 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஐதராபாத்தில் தோன்றியது. தமிழ்நாட்டிற்கு 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்தது. காவல், தீயணைப்பு, மருத்துவம் ஆகிய யாவற்றுக்கும் பொதுவாக 112 என்னும் எண்ணும் பின்னர் ஏற்பட்டது.

இப்பணிக்கு வருவோர் முதற்கண் கற்பது யாது? நோயைப் பற்றிய அறிவு என்று பலரும் நினைப்பர். அன்று, இடத்தைக் கேட்டறிவதே முதற்பாடம். "என்ன ஆயிற்று?" என்பதற்கு முன்னர், "எங்கிருந்து பேசுகிறீர்கள்?" என்று கேட்டல் வேண்டும். பேச்சு இடையில் அறுந்து போயினும், இடம் தெரிந்தால் வண்டியை அனுப்பலாம். நோய் மட்டும் தெரிந்து இடம் தெரியாவிடில் ஒன்றும் செய்ய இயலாது.

நீலகிரியில் இது எளிதன்று. அங்கே தெருப் பெயரும் கதவெண்ணும் இல்லாத குடியிருப்புகள் பல. தோட்டத்தின் பெயர் ஒன்றாயிருக்க, அதனுள் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் எனப் பிரிவுகள் இருக்கும். இரண்டிற்கும் இடையே ஓர் ஓடை குறுக்கிட்டால் வழியே வேறாகிவிடும். படகர் தம் ஊரை 'ஹட்டி' என்பர். பந்தலூர்ப் பக்கத்தில் மலையாளம் கலந்து பேசுவோர் உளர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையினின்று திரும்பி வந்து குடியேறியவர்களின் பேச்சும் தனி வகையானது. கேரள எல்லையில் நின்று அழைத்தால், அழைப்பு அண்டை மாநிலத்துக் கோபுரத்தின் வழியே சென்று அம்மாநிலத்து அறையை அடைதலும் கூடும். ஆகவே தோட்டத்து வாயில், கோயில், பள்ளிக்கூடம், கொண்டையூசி வளைவின் எண் என ஒவ்வோர் அடையாளமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். அழைப்பவர் அழுவார், சினப்பார், "முதலில் வண்டியை அனுப்புங்கள்!" என்று கத்துவார். அவர் குரல் உயர உயரத் தம் குரலைத் தாழ்த்தி, அதே வினாவை அதே சொற்களால் மீண்டும் கேட்கப் பழகுதல் பயிற்சியின் கடினமான பகுதி. அவ்வேளையிலும் விரல்கள் தட்டச்சை நிறுத்தலாகாது.

அழைப்பை ஏற்பவர் ஒருவர். வண்டியைத் தெரிந்து அனுப்புபவர் மற்றொருவர். அறிவுரை கூற மருத்துவர் ஒருவரும் அவ்வறையில் இருப்பார். வரைபடத்தில் அருகில் தோன்றும் வண்டி மலையில் அருகிலிருப்பதாகக் கொள்ளலாகாது. எதிர்ச்சரிவில் நிற்கும் வண்டி பள்ளத்தாக்கைச் சுற்றி வரவேண்டியிருக்கும். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய நாள்களில் எந்தச் சாலை எப்போது சரியும் என்று சொல்லவியலாது. கூடலூர்ப் பகுதியில் யானை வழிமறிப்பதும் உண்டு. ஆதலின் நோயாளியைத் தோட்டத்து ஜீப்பில் ஏற்றிப் பாதி வழியில் கொண்டுவரச் செய்து, ஆம்புலன்ஸை எதிரே அனுப்புவதே சில வேளைகளில் அறிவுடைமையாகும்.

வண்டி வந்துசேரும் வரை வாளா இருத்தலும் கூடாது. தொலைபேசி வழியே மருத்துவ வழிகாட்டும் முறையை 1970களின் இறுதியில் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரத்து மருத்துவர் ஜெஃப் கிளாசன் ஒழுங்குபடுத்தினார். இன்ன அறிகுறிக்கு இன்ன வினா, இன்ன விடைக்கு இன்ன கட்டளை என்று அட்டைகளில் எழுதிவைத்தார். அம்முறையில் தகுதி பெறுவோர் மூன்று நாள் பாடம் கேட்டுத் தேர்வெழுதுவர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பித்தல் வேண்டும். மூன்று நாளா என்று வியக்கவேண்டா. பாடம் சிறிது, பழக்கமே பெரிது. மாரடைப்பால் மூச்சற்று வீழ்ந்தவர் மார்பை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்தச் செய்து, "ஒன்று, இரண்டு" என்று தாமும் உடன் எண்ணுதல் வேண்டும். பாம்பு கடித்த காலை அசைக்கவோ, இறுகக் கட்டவோ, கீறவோ விடாது தடுத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸில் செல்லும் மருத்துவ உதவியாளருக்கு வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் வண்டியிலுமாக 50 நாள் பயிற்சி உண்டு. ஓட்டுநருக்கு 10 நாள்.

ஒரே விபத்தைப் பலர் ஒரே நேரத்தில் அறிவித்தலும் உண்டு. அவற்றைப் பல விபத்துகளென மயங்கினால் வண்டிகள் வீணே அலையும். 2021ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில், முப்படைத் தலைமைத் தளபதி உள்ளிட்ட 14 பேர் சென்ற ஹெலிகாப்டர் வீழ்ந்தது. முதலில் ஓடிவந்தோர் அவ்வூர் மக்களே. தம் வீட்டுக் கம்பளிகளையே அளித்தனர். தீயணைப்பு வண்டி அவ்விடம் வரை செல்ல வழியில்லை. ஊரின் பெயரோடு, வண்டி எதுவரை வரும் என்பதையும் கேட்டல் வேண்டும் என்பதற்கு அச்சரிவே சான்று.

பந்தலூர்த் தோட்டத்து அழைப்போ இன்னும் முடியவில்லை. குழந்தையை இழுக்கலாகாது, தொப்புள்கொடியை அறுக்கலாகாது, பிறந்ததும் உலர்ந்த துணியால் துடைத்துத் தாயின் மார்பில் கிடத்திக் கம்பளியால் மூடவேண்டும் என்று கட்டுப்பாட்டு அறையிலிருப்பவர் நிறுத்தி நிறுத்திக் கூறுகிறார். கணவன் அதை வாசலில் நிற்கும் பக்கத்து வீட்டு மூதாட்டிக்கு மேட்டிலிருந்தே உரக்கச் சொல்கிறான். சற்று நேரத்தில் வளைவில் வண்டியின் விளக்கொளி தெரிகிறது. "வந்துவிட்டது!" என்கிறான், பேச்சு அறுகிறது. பிறந்தது ஆணா பெண்ணா என்பது அறையிலிருப்பவருக்குத் தெரியாது. அதற்குள் அடுத்த மணி ஒலிக்கிறது, "எங்கிருந்து பேசுகிறீர்கள்?" என்று அவர் கேட்கிறார்.