கோடியக்கரைச் சதுப்பில் கற்ற நெய்தல் பாடம்

முன்னுரை

நிலத்தை ஐந்திணையாகப் பகுத்து, அவ்வந்நிலத்திற்குரிய புள், விலங்கு, மரம், பூ, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்று வகுத்தனர் நம் முன்னோர். இப்பகுப்பு அறையுள் அமர்ந்து எண்ணிச் செய்யப்பட்டதன்று. நிலத்தில் நடந்து, கண்ணால் கண்டு, காதால் கேட்டுத் தொகுத்ததாகும். ஆயினும் இன்று நம் வகுப்பறைகளில் கருப்பொருள் என்பது தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் ஒரு பட்டியலாகச் சுருங்கிவிட்டது. இக்குறை மாணவர்பால் உள்ளதன்று. கற்பிக்கும் நம்மிடத்தும் உள்ளது என்பதை ஒரு வினா நமக்கு உணர்த்தியது.

சத்திமுத்தப் புலவரின் புகழ்பெற்ற தனிப்பாடலை இரண்டாமாண்டு வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தோம். வறுமையால் ஊர் நீங்கி மதுரையில் குளிரில் வாடும் புலவர், வானில் செல்லும் நாரையை விளித்து, தம் நிலையை மனைவியிடம் சென்று கூறுமாறு வேண்டும் பாடல் அது. பாடலின் சோகத்தையும் உவமை நயத்தையும் விரித்துரைத்து முடித்தபோது ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, செங்கால் நாரை என்பது எந்தப் பறவை? தாங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று வினவினார். "அது ஒருவகைக் கொக்கு" என்று விடை பகர்ந்து அடுத்த பாடலுக்குச் சென்றோம். அவ்விடை அவருக்கு நிறைவளித்ததோ என்னவோ, நமக்கு அளிக்கவில்லை. பதினெட்டு ஆண்டுகளாக அப்பாடலை நடத்திவரும் நாம், அப்பறவையை ஒருமுறையேனும் தேடிக் கண்டோமில்லை.

இதன் விளைவாகவே, தைத் திங்களில் வனத்துறையின் அனுமதி பெற்று, நம் துறை மாணவர்களுடன் கோடியக்கரைக்குப் பயணமானோம். அங்குக் கண்டவற்றையும் கற்றவற்றையும் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடமும் இயல்பும்

நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரணியத்திற்குத் தெற்கே கோடியக்கரை அமைந்துள்ளது. வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடிவரும் சோழ மண்டலக் கடற்கரை இவ்விடத்தில் மேற்காகத் திரும்புகிறது. கோடி என்பதற்கு முனை, கடைசி என்பன பொருள். எனவே ஊர்ப்பெயரே நில அமைப்பைக் கூறும் காரணப்பெயராகத் திகழ்கிறது.

இங்குள்ள காட்டுப் பகுதி 1967ஆம் ஆண்டில், முதன்மையாக வெளிமானைக் காக்கும் பொருட்டு, வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஈரநிலங்களைக் காப்பதற்கென 1971ஆம் ஆண்டில் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் உருவான உலக உடன்படிக்கையின்கீழ், 2002ஆம் ஆண்டில் கோடியக்கரை இடம்பெற்றது. தமிழகத்திலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் ஈரநிலம் இதுவே. சரணாலயமும், வேதாரணியப் பெருஞ்சதுப்பும், முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் சேர்ந்த அப்பரப்பு 38,500 ஹெக்டேர் ஆகும்.

வடகிழக்குப் பருவமழையால் ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் இச்சதுப்பு நீர் நிறைகிறது. தை பிறந்தபின் நீர் மெல்ல வற்றத் தொடங்குகிறது. கோடையில் பல இடங்களில் உப்புப் படிந்த வெண்ணிலமே எஞ்சுகிறது. நீர் வற்றும் காலத்தில் புழுவும் நத்தையும் இறாலும் சிறுமீனும் ஆழமற்ற நீரிலும் சேற்றிலும் செறிந்து கிடக்கும். வடபுலத்துக் கடுங்குளிருக்கு அஞ்சி வரும் பறவைகளுக்கு அதுவே விருந்து. ஆகவேதான் மார்கழி, தைத் திங்கள்கள் இங்குப் பறவைகளைக் காண ஏற்ற காலமாக உள்ளன.

சதுப்பு வழியில்

விடியற்காலையில் சதுப்போரப் பாதையில் நடக்கத் தொடங்கினோம். வனக்காவலர் ஒருவர் வழிகாட்டியாக முன்சென்றார். நாற்பதுபேர் பேசிக்கொண்டு நடந்தால் எப்பறவை நிற்கும்? நாம் நூறடி கூடச் சென்றிருக்கமாட்டோம். எங்கிருந்தோ ஒரு பறவை கிறீச்சிட்டு எழுந்து நம் தலைக்கு மேலே வட்டமிட்டது. அதன் குரல் கேட்ட அளவில், நீரோரம் நின்ற சிறு பறவைகள் அனைத்தும் எழுந்து அகன்றுவிட்டன. "இதுதான் ஆள்காட்டி. ஆள் வருவதைக் காட்டிக் கொடுத்துவிட்டது" என்றார் காவலர். அதன்பின் ஒருவரும் வாய் திறந்தாரில்லை. வகுப்பில் நாம் பலமுறை வேண்டியும் கிட்டாத அமைதி, ஒரு பறவையின் அதட்டலில் கிட்டியது.

சிறிது தொலைவு சென்றதும் நீரில் மெலிந்த பறவைகள் சில நின்றன. உடல் வெண்மை, சிறகு கருமை, கால்களோ மிக நீண்டு சிவந்திருந்தன. "செங்கால் நாரை!" என்று மாணவர் சிலர் மகிழ்ச்சியால் கிசுகிசுத்தனர். நாமும் தலையசைத்தோம். அப்போது பின்வரிசையில் வந்துகொண்டிருந்த ஒரு மாணவர் தயங்கித் தயங்கி, "ஐயா, இது நாரை இல்லை, உள்ளான். நெடுங்கால் உள்ளான்" என்றார். காவலரும் ஆமென்றார். அம்மாணவர் வேதாரணியப் பகுதியைச் சேர்ந்தவர்; பெற்றோர் இருவரும் உப்பளத்தில் உழைப்பவர்கள். வகுப்பில் பெரும்பாலும் வாய் திறவாதவர், மதிப்பெண்ணும் குறைவு. அன்று நண்பகல் வரை அவரே நமக்கு ஆசிரியராக விளங்கினார்.

உவமை ஓர் அடையாளம்

நாம் செய்த பிழை யாது? புலவர் கூறிய இரண்டு அடையாளங்களுள் ஒன்றை மட்டும் கொண்டு முடிவுகட்டியதே ஆகும். புலவர் காலின் செம்மையைக் கூறியதோடு நின்றாரல்லர், அலகையும் கூறினார். பிளந்த பனங்கிழங்கின் வடிவும் பவளத்தின் நிறமும் உடையது அவ்வலகு என்பது அவர் கூற்று. நெடுங்கால் உள்ளானின் அலகோ ஊசிபோல் மெலிந்து கறுத்திருப்பது.

தைத் திங்கள் பனங்கிழங்குக் காலமாதலால், வேதாரணியக் கடைத்தெருவில் வாங்கிய அவித்த கிழங்கு நம்மிடம் இருந்தது. மாணவர் ஒருவர் அதனை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, அடிப்பகுதியைச் சேர்த்துப் பிடித்து நுனியை விரித்துக் காட்டினார். அடி பருத்து, நுனி கூர்ந்து, நேராக நீண்ட ஒரு பேரலகு அவர் கையில் திறந்து மூடியது! பதினெட்டு ஆண்டுகள் "உவமை நயம்" என்று நாம் எழுதிப்போட்டது நயம் மட்டுமன்று. பறவையை இனங்காண உதவும் துல்லியமான அடையாளமும் ஆகும் என்பதை அக்கணத்தில் அறிந்தோம்.

இவ்விரு அடையாளங்களையும் கொண்டு ஆராயின், சதுப்பில் அன்று கண்ட பிற நாரைகளும் விலகுகின்றன. சங்குவளை நாரையின் அலகு மஞ்சள் நிறமுடையது. நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளி உடையது. காலும் அலகும் ஒருங்கே சிவந்து, உடல் வெளுத்து, சிறகின் ஓரம் கறுத்து விளங்கும் பெருநாரையே புலவர் குறித்த பறவை என்று கருதப்படுகிறது. அது வடக்கே நெடுந்தொலைவில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வருவது. புலவரும் அதனைத் தென்திசைக் குமரியாடி வடதிசைக்கு மீளும் பறவையாகவே பாடியுள்ளார். வலசை என்னும் இயற்கை நிகழ்ச்சியை அவர் அறிந்திருந்தமைக்கு இது சான்றாகும்.

பெயர்கள் புகட்டும் இலக்கணம்

பெயரை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுப்பார் நன்னூலார். பறவை என்பது காரணப் பொதுப்பெயர், மரங்கொத்தி என்பது காரணச் சிறப்புப்பெயர் என்று பள்ளி நாள் முதல் படித்து வருகிறோம். அவ்விலக்கணத்திற்குச் சதுப்பில் எத்தனை எத்தனை எடுத்துக்காட்டுகள்! ஓடு மூடிய நத்தையைக் குத்தி எடுப்பது நத்தைகுத்தி. வளைந்த அலகுடையது அரிவாள் மூக்கன். அலகின் நுனி தட்டையாக அகன்று, அதனை நீரில் இடமும் வலமுமாக வீசி இரை தேடுவது கரண்டிவாயன். உருவில் மிகச் சிறியது கொசு உள்ளான். கால்நடையின் உண்ணிகளைப் பொறுக்குவது உண்ணிக்கொக்கு. ஒவ்வொரு பெயரும் அப்பறவையின் உறுப்பையோ உருவையோ தொழிலையோ ஒரு சொல்லில் கூறிவிடுகிறது. இப்பெயர்களை இட்டவர் எவரும் புலவர் அல்லர். நீரிலும் சேற்றிலும் நின்று உழைத்த மக்களே ஆவர்.

அலகும் காலும் வேறுபடுவதற்கும் காரணம் உண்டு. ஈரச் சேற்றின் விளிம்பில் ஓடிக் கொத்துவன சிறு உள்ளான்கள். சற்று ஆழ்ந்த நீரில் நிற்பது நெடுங்கால் உள்ளான். அதனினும் ஆழத்தில் நடப்பது பூநாரை. பூநாரை தன் தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் நீரையும் சேற்றையும் அலசி, நுண்ணுயிர்களை மட்டும் வடிகட்டி உண்கிறது. அவ்வுணவில் உள்ள நிறப்பொருளே அதன் சிறகிற்குச் செவ்வண்ணம் தருகிறது. ஒரே நீர்நிலையில், ஆழத்திற்கேற்ப இடம் பகுத்துக்கொண்டு, ஒன்றன் பந்தியில் மற்றொன்று கைவையாமல் அவை உண்ணும் காட்சி நம் மாணவர்க்குப் பெரும் வியப்பளித்தது.

கொசு உள்ளானின் எடை ஏறத்தாழ 25 கிராமே. உள்ளங்கையில் அடங்கும் அப்பறவை வடதுருவத்தை அடுத்த பனிவெளிகளில் பிறந்து, மலையும் பாலையும் கடந்து இச்சேற்றுக்கு வந்து சேர்கிறது என்று காவலர் கூறியபோது, மாணவர் அதனை மீண்டும் ஒருமுறை உற்று நோக்கினர்.

பெயர் கேட்டுச் சென்ற சிறுவன்

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்து, எண் பொறித்த இலேசான வளையத்தைக் காலில் அணிவித்து விடுவித்து, அவற்றின் வழித்தடங்களை ஆராய்ந்துள்ளனர். அக்கழகத்தின் பெருமைக்குரிய அறிஞர் சாலிம் அலி (1896 - 1987). சிறுவனாக இருந்தபோது தாம் சுட்டு வீழ்த்திய குருவி ஒன்றின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருக்கக் கண்டு, அதன் பெயர் அறியாமல், அதனை எடுத்துக்கொண்டு அக்கழகத்திற்குச் சென்றார். அங்கிருந்த மில்லார்டு என்னும் செயலாளர் அச்சிறுவனை விரட்டவில்லை; பெயரைச் சொல்லி, பாடம் செய்து வைத்திருந்த பிற பறவைகளையும் காட்டினார். அன்று தொடங்கிய ஆர்வம் இந்தியப் பறவையியலின் பேராசானை உருவாக்கியது. வினாவிய சிறுவனை மட்டுமன்று, விடையளித்தவரையும் ஆசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். "அது ஒருவகைக் குருவி" என்று அவர் கூறி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சதுப்பின் இடர்ப்பாடு

பிற்பகலில் புல்வெளியில் வெளிமான் கூட்டத்தைக் கண்டோம். முறுக்கிய கொம்புடைய கலைமான் ஒன்று தலை நிமிர்த்தி நம்மை நோக்கி, பின் கூட்டத்துடன் துள்ளிப் பாய்ந்து மறைந்தது. அம்மானுக்கு உரிய திறந்த புல்வெளியைச் சீமைக்கருவேல் கவர்ந்து வருகிறது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் இக்காட்டையும் முத்துப்பேட்டை அலையாத்தியையும் பெரிதும் சிதைத்தது; மான்கள் பலவும் மடிந்தன. ஆறுகளின் வழியே வரவேண்டிய நன்னீர் குறைவதும், சதுப்பு நிலம் உப்பளமாக மாறுவதும் பிற இடர்கள்.

உப்பளம் பற்றிப் பேச்சு வந்தபோது, காலையில் நம்மைத் திருத்திய மாணவர் மீண்டும் ஒரு கருத்தைக் கூறினார்: "ஐயா, உப்பளம் எங்களுக்குச் சோறு போடுகிறது. உப்புக்கு நீர் தேக்கும் பாத்தியிலும் பூநாரை மேய்கிறது. சதுப்பு முழுவதும் பாத்தியானால்தான் இரண்டு பேருக்கும் இடம் இருக்காது." உப்பு விளைத்தலை நெய்தலின் தொழிலாகவும், புள்ளை அதே நெய்தலின் கருப்பொருளாகவும் ஒருங்கு வைத்தெண்ணிய பண்டைத் தமிழர் கருத்தும் இதுவேயன்றோ? ஒன்றை ஒன்று விழுங்காத அளவே திணை வாழ்வின் அடிப்படை.

சதுப்பை வீண் நிலம் என்று கூறும் வழக்கம் நம்மிடையே உண்டு. நாற்பது பறவைக்குப் பெயரறிந்தவன் அந்நிலத்தை வீண் என்னான். எல்லாவற்றையும் "ஒருவகைக் கொக்கு" என்று கூறுபவனுக்கே அது வீணாகத் தோன்றும். நாம் வகுப்பில் கூறிய விடை சிறு பிழை அன்று என்பதை இதனால் உணர்ந்தோம்.

முடிவுரை

செங்கால் நாரையை அன்று நாம் கண்டோமில்லை. எனினும் கல்லூரி திரும்பிய மறுநாள், வினா எழுப்பிய மாணவரிடம், முன்னர்க் கூறிய விடை தவறு என்று வகுப்பில் ஒப்புக்கொண்டோம். உப்பளத் தொழிலாளர் மகனாகிய மாணவரை அழைத்து, அவர் அறிந்த பறவைப் பெயர்களை எழுதித் தருமாறு வேண்டினோம். தாயிடமும் தந்தையிடமும் கேட்டு இரண்டு பக்க அளவில் எழுதி வந்தார். அவற்றுள் சில பெயர்கள் நம் துறை நூலகத்தில் உள்ள அகராதிகளில் இல்லை. அப்பட்டியல் இப்போது துறையில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

மாணவச் செல்வங்களே! உங்கள் ஊரிலும் ஓர் ஏரியோ, கண்மாயோ, அலையாத்திக் கரையோ இருக்கும். விடியற்காலையில் ஒரு குறிப்பேட்டுடன் ஓசையின்றி நடந்து செல்லுங்கள். காலைப் பாருங்கள், அலகையும் பாருங்கள். பெயர் தெரியாவிட்டால், அங்கு வலை வீசுபவரிடமும் நாற்று நடுபவரிடமும் பணிவுடன் கேளுங்கள். அவர்கள் கூறுவதை அவர்கள் சொல்லிலேயே எழுதி வந்து துறையில் சேருங்கள். செங்கால் நாரையை உங்களுள் எவரேனும் முதலில் கண்டால், மறவாமல் நமக்கும் வந்து கூறுங்கள்.