சந்திரனில் எறிந்த கல்

கேள்வி: ஐயா, சந்திரனின் ஆகர்ஷண சக்தி பூமியின் சக்தியில் ஆறில் ஒரு பங்குதான் என்று படித்தேன். அங்கே மேலே எறிந்த கல் திரும்பி வருமா? வந்தால் பஞ்சைப்போல மெதுவாக வந்து விழுமா? எறிவதற்கும் இங்கே வேண்டியதைவிடக் குறைந்த பலம் போதுமா?

— ஒரு பள்ளி மாணவி, காரைக்குடி

பதில்: சந்திரனிலும் எறிந்த கல் திரும்பித்தான் வரும். கல்லுக்கு வேகத்தைக் கொடுப்பது கை. கையை விட்டு அது அகன்ற கணம் முதல் அந்த வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, உச்சியில் அறவே இல்லாமற் செய்து, பின்னர் அதையே கீழ்நோக்கிய வேகமாக வளர்ப்பது ஆகர்ஷண சக்தி. விநாடிதோறும் பூமி அவ்வேகத்திலிருந்து 9.8 மீட்டரைக் கழிக்கிறது, சந்திரனோ 1.62 மீட்டரை மட்டுமே கழிக்கிறது. எனவே, விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர்மேலே எறியப்பட்ட கல், காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், பூமியில் சுமார் 20 மீட்டர் உயரம் ஏறி நான்கு விநாடிகளில் திரும்பிவிட, சந்திரனில் அதே கல் 123 மீட்டர் உயரம் சென்று, ஏறக்குறைய 25 விநாடிகள் கழித்தே நம் கைக்கு மீளும். சாய்வாக எறிந்தாலும் நியாயம் இதுவே: அங்கே அது வரையும் பரவளையம், இங்கே வரையும் பரவளையத்தை நீளத்திலும் உயரத்திலும் ஆறு மடங்கு பெரிதாக்கிய பிரதியேயன்றி வேறு உருவம் அன்று.

பஞ்சைப்போல விழுமா என்பதில்தான் பலரும் மயங்குகிறார்கள். சந்திரனின் இழுப்பு மெல்லியதே. ஆனால் அது ஆறு மடங்கு நீண்ட வழி முழுவதும் இழுத்துக்கொண்டே வருவதாலும், தடுக்கக் காற்று இல்லாததாலும், கல் கையை அடையும்போது புறப்பட்ட அதே 20 மீட்டர் வேகத்தை முழுமையாகத் திரும்பப் பெற்றிருக்கும். பிடிக்கத் தவறினால் அடியும் முழு அடியாகவே படும். மெதுவாக விழுவது, ஒரே உயரத்திலிருந்து சும்மா நழுவவிட்ட பொருள்தான். 1971 ஆகஸ்டில் அப்பல்லோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் வல்லூறின் இறகும் ஏந்தி, இரண்டையும் ஒருங்கே நழுவவிட்டார். பூமியில் அரை விநாடிக்குச் சற்று மேல் பிடித்திருக்கும் சுத்தியலின் வீழ்ச்சி அங்கே ஒன்றரை விநாடியை நெருங்கிற்று. இறகும் பின்தங்காமல் அதனோடு சேர்ந்தே தரையைத் தொட்டது.

இனிப் பலத்தைப் பற்றி. சந்திரனில் குறைவது கல்லின் எடையேயன்றி அதன் நிறை அன்று. ஆகையால் கல்லைத் தூக்கிப் பிடிக்க ஆறில் ஒரு பங்கு பலம் போதுமாயினும், ஓய்ந்திருக்கும் அதற்குக் கிடையாக வேகம் ஊட்டுகையில் எதிர்த்து நிற்கும் சடத்துவம் எள்ளளவும் குறையாமல், பூமியில் செலவிட்ட அதே பலத்தைக் கேட்கும். இதற்கு ஒரு பிரத்தியட்ச உதாரணம் உண்டு. 1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14 பயணத்தில் சென்ற ஆலன் ஷெப்பர்டு, விறைப்பான விண்வெளி உடையினால் இரு கைகளாலும் மட்டையைப் பிடிக்க இயலாது, ஒற்றைக் கையாலேயே இரண்டு கால்ஃப் பந்துகளை அடித்தார். பந்து மைல் கணக்கில் பறந்ததாக உற்சாகத்தில் அவர் முழங்கினாலும், பிற்காலத்தில் புகைப்படங்களை நுணுகி அளந்தபோது ஒன்று சுமார் 22 மீட்டரும் மற்றொன்று சுமார் 37 மீட்டருமே சென்றிருந்தன. கை கொடாத வேகத்தை, எவ்வளவு மெல்லிய ஆகர்ஷணமும் கொடுப்பதில்லை.

எறிந்த கல் திரும்பாத உலகங்களும் இருக்கின்றன. சந்திரனை விட்டு நீங்க விநாடிக்கு 2.4 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அது மனிதக் கைக்கு எட்டாதது. ஆனால் செவ்வாயைச் சுற்றிவரும் போபாஸ் என்னும் சிறு துணைக்கோளை விட்டு நீங்க 11 மீட்டர் வேகமே போதுமாகையால், நாம் மேலே கண்ட அதே கல் அங்கிருந்து கிளம்பினால், மீளாமல் செவ்வாயையே சுற்றத் தொடங்கிவிடும். செவ்வாயின் தரையில் நின்று எறிந்தால் என்னவாகும் என்பதை நீங்களே கணித்துப் பாருங்கள். அங்கே ஆகர்ஷணம் 3.7, வேகத்தின் வர்க்கத்தை ஆகர்ஷணத்தின் இரட்டிப்பால் வகுத்தால் உயரம் கிடைக்கும். விடை 54 மீட்டர் அளவில் வருமாயின், இந்த விஷயம் உங்களுக்கு முழுவதும் வசமாகிவிட்டது என்று மகிழ்வேன்.