பெலன் மாத்திரம் போதாது
எஞ்சின் மாற்ற நினைக்கிறவர்களுக்கு ஒரு பாடம்



இந்த மாதம் சற்று வித்தியாசமான ஒரு பாடத்தை உங்கள் முன் வைக்கிறேன். நான் பல வருடங்களாக ஒர்க்ஷாப்பில் ஸ்பேனர் பிடிக்கிறவன். நம் நடுவில் பழைய வண்டி வைத்திருக்கிற குடும்பங்கள் அநேகம் உண்டு. அவர்களில் பலர் என்னிடத்தில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, எஞ்சின் போயிடுச்சு. இதைத் தூக்கிப் போட்டுட்டு, இதைவிடப் பெரிய எஞ்சினா ஒண்ணு வெச்சிரலாமா?"

இந்த ஆசையில் தப்பில்லை. பிள்ளைகளையும் வயதானவர்களையும் ஏற்றிக்கொண்டு போகும்போது, மேட்டில் மூச்சு வாங்கி நிற்கிற வண்டியைக் கண்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒரு காரியத்தைக் கவனியுங்கள். எஞ்சின் என்பது முழு வண்டி அல்ல. வண்டியின் ஒரு அவயவம். ஒரு அவயவத்துக்கு மாத்திரம் பெலன் கூட்டினால் மற்ற அவயவங்கள் அதைத் தாங்குமா? இதுதான் இந்தப் பாடத்தின் கேள்வி. இதை ஐந்து பகுதிகளாகத் தியானிப்போம்.

1. எஞ்சின் மெய்யாகவே செத்துவிட்டதா?

முதலாவது நாம் அறிய வேண்டியது இதுவே. பெலவீனமாயிருக்கிற எஞ்சின் எல்லாம் செத்த எஞ்சின் அல்ல.

புகையைப் பாருங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சினுக்குள் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், வால்வு கைடு தளர்ந்திருக்கலாம். கறுப்புப் புகை வந்தால் எரிபொருள் அதிகமாகப் போகிறது, அல்லது காற்று போதவில்லை. அடைத்துப்போன ஏர் ஃபில்டர்கூட இதற்குக் காரணமாகும். எஞ்சின் சூடான பின்பும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால், ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பால் போலக் கலங்கியிருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்திருக்கக்கூடும்.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை. பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்து, ஒவ்வொரு சிலிண்டராகக் கேஜ் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றவிட வேண்டும். எல்லாச் சிலிண்டரிலும் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஒன்றில் மாத்திரம் குறைந்தால், அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடியும் பாருங்கள். முள் உயர்ந்தால் கோளாறு பெரும்பாலும் ரிங்கில். உயராவிட்டால் வால்விலோ கேஸ்கட்டிலோ.

ஒரு சகோதரர் தம் பழைய அம்பாசிடரைக் கொண்டுவந்தார். "எஞ்சின் முடிஞ்சதுங்க, வேற எஞ்சின் பார்த்து வெச்சிருக்கேன், முன்பணமும் குடுக்கப் போறேன்" என்றார். "ஒரு மணி நேரம் பொறுங்க ஐயா" என்று சொல்லிச் சோதித்தோம். மூன்று சிலிண்டர் சரியாக இருந்தது. ஒன்றில் முள் பாதிகூட ஏறவில்லை. ஆயில் விட்டும் உயரவில்லை. ஹெட்டைக் கழற்றினால் ஒரு எக்ஸாஸ்ட் வால்வு எரிந்து, ஓரம் தின்றுபோயிருந்தது. வால்வை மாற்றி, சீட்டை அறுத்து, கேஸ்கட் போட்டோம். அதே எஞ்சின்தான், அதற்குப் பின் மேடு ஏறியது. அந்த ஒரு மணி நேரச் சோதனை அவருடைய சேமிப்பைக் காப்பாற்றிற்று.

சிலிண்டரே தேய்ந்திருந்தாலும் வழி உண்டு. ரீபோர் செய்து, அளவு கூடிய பிஸ்டன் போட்டு, கிராங்கைக் கிரைண்டிங் செய்து, பேரிங் மாற்றினால், பழைய எஞ்சின் இன்னும் அநேக வருடம் ஓடும்.

2. கம்பெனியே எஞ்சினை மாற்றியபோது என்ன செய்தது?

நாம் எல்லாரும் அறிந்த அம்பாசிடரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசையைத் தழுவி, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இதைச் செய்தது. 1950-களின் பிற்பகுதியில் வெளிவந்த முதல் வண்டிகளில் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் இருந்த பழைய பாணி எஞ்சின். சீக்கிரத்திலேயே வால்வு மேலே இருக்கிற 1489 சி.சி. எஞ்சின் வந்தது. ஏறக்குறைய 50 குதிரைத்திறன். நெடுங்காலம் நம் சாலைகளில் ஓடியது இதுதான்.

1990-களின் தொடக்கத்தில் கம்பெனி ஜப்பானிய இசுசு வடிவமைப்பில் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினை அதே வண்டியில் வைத்தது. 75 குதிரைத்திறன். அதாவது, பழையதைவிட ஒன்றரை மடங்கு பெலன்! வண்டியின் வெளித்தோற்றம் பெரிதாக மாறவில்லை. ஆனால் எஞ்சினை மாத்திரம் வைத்தார்களா? இல்லை. பழைய நான்கு கியர் பெட்டியை எடுத்துவிட்டு ஐந்து கியர் பெட்டியைச் சேர்த்தே கொடுத்தார்கள்.

அந்த வண்டியின் ஒவ்வொரு நட்டையும் அறிந்த கம்பெனியே, பெலனைக் கூட்டியபோது அதைச் சுமக்கிற பாகத்தையும் மாற்றியது என்றால், தெருமுனை ஒர்க்ஷாப்பில் எஞ்சினை மாத்திரம் தூக்கி வைப்பது எப்படிச் சரியாகும்? 2014-ல் அம்பாசிடர் உற்பத்தி நின்றுபோயிற்று. ஆனாலும் அது கற்றுக்கொடுத்த இந்தப் பாடம் நிற்கவில்லை.

3. மற்ற அவயவங்கள் தாங்குமா?

எஞ்சின் கொடுக்கிற பெலன் எந்த வழியாய்ப் போகிறது என்று பாருங்கள். கிளட்ச், கியர் பெட்டி, ஜாயிண்ட் ஷாஃப்ட், கிரவுன் பினியன், ஆக்ஸில், பிறகே சக்கரம். இந்தச் சங்கிலியில் எது பெலவீனமோ அதுதான் முதலில் உடையும். பெரிய எஞ்சின் வைத்த சில மாதத்தில் "கிளட்ச் வழுக்குது", "ஆக்ஸில் முறிஞ்சு போச்சு" என்று வருகிறவர்கள் உண்டு. உடைந்த பாகத்தின்மேல் குற்றம் இல்லை. அது தன் அளவுக்குமேல் சுமந்தது, அவ்வளவுதான்.

ரேடியேட்டரும் அப்படியே. அதிக பெலன் என்றால் அதிகச் சூடு. சின்ன எஞ்சினுக்கென்று செய்த ரேடியேட்டர் பெரிய எஞ்சினைக் குளிரப்பண்ணாது. புதிய எஞ்சின் எடை கூடினதாக இருந்தால் முன் ஸ்பிரிங் அமிழும், ஸ்டியரிங் கனக்கும்.

எல்லாவற்றிலும் பிரதானமானது பிரேக். ஓடுகிற வண்டியின் வேகம் முழுவதையும் சூடாக மாற்றித்தான் பிரேக் வண்டியை நிறுத்துகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அந்தச் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். 60 கிலோமீட்டரில் போன வண்டி 85-ல் போனால், "கொஞ்சம்தானே கூடியிருக்கு" என்று நினைக்கிறோம். ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய சூடு ஏறக்குறைய இரண்டு மடங்கு! பழைய அம்பாசிடரில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம் அதிகம் சூடானால் விரியும்; லைனிங் பிடிப்பை இழக்கும்; பெடல் கீழே போகும், வண்டி நிற்காது.

ஒரு குடும்பத்தார் எஞ்சின் மாற்றிய அம்பாசிடர் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினார்கள். ஏற்காட்டுக்கு ஏறும்போது ஒரே சந்தோஷம். "கார் பறக்குதுங்க!" சேலத்துக்கு இறங்குகிற பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி இறங்குமுன் தீய்ந்த வாடை, சக்கரத்தில் புகை, பெடல் தரையைத் தொட்டது. கியரைக் குறைத்து, ஓரத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினார்கள். வண்டியில் பாட்டியோடு ஆறு பேர். ஒருவருக்கும் காயமில்லை. பின்பு அந்த வண்டி என்னிடம் வந்தது. எஞ்சின் பெரியது, பிரேக்கோ பழையது, லைனிங் கருகிக் கண்ணாடி போல மின்னிற்று. ஏறுவதற்குப் பெலன் கொடுத்தவர்கள், இறங்குவதற்குப் பெலன் கொடுக்கவில்லை.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. பிரேக் பூஸ்டர் உள்ள பெட்ரோல் வண்டியில், அந்த பூஸ்டர் எஞ்சின் இழுக்கிற வாக்குவத்தில் வேலை செய்கிறது. டீசல் எஞ்சினில் அப்படிப்பட்ட வாக்குவம் கிடைக்காது; அதற்குத் தனியாக வாக்குவம் பம்ப் வேண்டும். பெட்ரோலை எடுத்து டீசலை வைத்தவர்கள் இந்தப் பம்பை விட்டுவிட்டால், பெடல் கல்லாகிவிடும். அவசரத்தில் முழுப் பெலத்தோடு மிதித்தாலும் வண்டி நிற்க நெடுந்தூரம் போகும்.

4. சட்டம் என்ன சொல்லுகிறது?

"என் வண்டி, என் பணம், யார் என்ன கேக்குறது?" என்று சொல்லாதிருங்கள். எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்த கம்பெனி முதலில் குறித்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி. விவரம் ஆகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்திற்று. அதே வருடத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கக்கூடும்.

ஆகையால் எஞ்சின் மாற்றியே தீர வேண்டுமானால், அதே தயாரிப்பு, அதே ரகம் என்பதே நேரான வழி. அதற்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்னதாக அனுமதி பெற்று, புதிய எண்ணை ஆர்.சி.யில் பதிய வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள். மறைத்தால், விபத்து நாளில்தான் அது வெளியே வரும். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தையில் கழற்றிய எஞ்சின் வாங்கினால், பில் இல்லாமல் கை நீட்டாதிருங்கள். எஞ்சின் எண் தேய்க்கப்பட்டிருந்தால், எவ்வளவு மலிவாயிருந்தாலும் விட்டுவிடுங்கள். அது யாரோ ஒருவருடைய வீட்டிலிருந்து திருடின வண்டியின் எஞ்சினாக இருக்கலாம்.

5. செலவைக் கணக்குப் பார்த்தீர்களா?

எஞ்சின் விலையை மாத்திரம் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குகிறவர்கள் அநேகர். மவுண்டிங், கிளட்ச், ரேடியேட்டர், சைலன்ஸர், ஒயரிங், பிரேக், கூலி என்று பாதியில் பணம் தீர்ந்து, வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் தூசி பிடிக்கும். முழுக் கணக்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலே ரீபோர் செலவை எழுதுங்கள். அதன் பக்கத்தில், இந்த வண்டியை விற்று, தேவைக்கேற்ற வேறொரு வண்டி வாங்க ஆகும் தொகையை எழுதுங்கள். வீட்டாரோடு உட்கார்ந்து பேசி, பின்பு தீர்மானியுங்கள். அதிக பெலன் மெய்யாகவே தேவைப்படுகிறவர்களுக்கு, பெரும்பாலும் மூன்றாவது வழிதான் நல்லது. அந்த வண்டியில் எஞ்சினும் பிரேக்கும் ஒன்றுக்கொன்று பொருத்தமாய்ச் செய்யப்பட்டிருக்கும்.

சிந்தித்துப் பார்க்க:

அ) என் எஞ்சினைச் சோதித்தவர் யார்? கேஜ் வைத்துப் பார்த்தாரா, சத்தத்தைக் கேட்டே சொல்லிவிட்டாரா?

ஆ) என் வண்டியிலுள்ள எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்திலுள்ள எண்ணும் ஒன்றாயிருக்கிறதா?

இ) செகண்ட் ஹேண்டில் வாங்கின என் வண்டியில் முன்னமே எஞ்சின் மாற்றப்பட்டிருக்கிறதா? அப்படியானால் பிரேக்கை யாராவது பார்த்தார்களா?

ஈ) டிரம்மைக் கழற்றி லைனிங்கைக் கடைசியாகப் பார்த்தது எப்பொழுது?

அருமையானவர்களே, இந்த நான்கு கேள்விகளில் ஒன்றுக்காவது பதில் தெரியாவிட்டால், அடுத்த மலைப்பயணத்துக்கு முன் வண்டியை நம்பிக்கையான மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். ஓடுகிற பெலன் எவ்வளவோ, நிற்கிற பெலனும் அவ்வளவு வேண்டும். உங்கள் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள், நீங்கள் நிறுத்துவீர்கள் என்று நம்பித்தான் கண்ணை மூடித் தூங்குகிறார்கள்.